பூட்டிய விக்கிப் பக்கத்தில் மாற்றத்தைச் சேமிக்காமல், பார்க்க மட்டும் இடம் தர முடியாதா?

ஊத்தங்கரை பதிவர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள நடுகற்களைப் பதிவு செய்வதற்காக நாங்கள் சிலர் சேர்ந்து, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஒரு சிறிய விக்கியை நடத்தி வருகிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் உண்டு. வட்டத்தின் பெயருக்குக் கீழே துணைப்பக்கமாக, ‘ஊத்தங்கரை/நடுகல் 3’ என்பது போலத் தலைப்பு இருக்கும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே தகவற்சட்ட வார்ப்புருதான் (ஒரே இடத்தில் எழுதி, பல பக்கங்களில் வந்து சேரும் பொது நிரல்) பயன்படுகிறது. அதில் ஒரு எழுத்து பிழைத்தாலும் எல்லாப் பக்கங்களும் பிழைத்துவிடும் என்பதால் நிர்வாகிகள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

சிக்கல் வேறு. எங்கள் பகுதி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் தருமபுரி மாவட்டத்திலும், 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்து வருகிறது. ஆகவே ஒரே கல்லைப் பழைய நூல் ஒன்று சேலம் மாவட்டக் கல் என்றும், இடைக்காலத்து நூல் தருமபுரிக் கல் என்றும் குறித்திருக்கும். பதிப்பாண்டைப் பார்த்து ‘நூலில் குறித்த மாவட்டம்’, ‘இன்றைய மாவட்டம்’ என இரண்டையும் காட்டுமாறுதான் வார்ப்புரு எழுதப்பட்டுள்ளது. ஆனால் அது 2004ஆம் ஆண்டுப் பிரிவினையை மட்டுமே அறியும். 1965ஐயும் சேர்ப்பதற்கான நிரலை எழுதிவிட்டேன். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வழியில்லை. பூட்டிய பக்கத்தில் ‘மூலத்தைப் பார்’ என்று மட்டுமே வருகிறது. முன்தோற்றப் பொத்தான் இல்லை. என் பயனர் பக்கத்தின் கீழுள்ள மணல்தொட்டியில் (சோதனைப் பக்கத்தில்) ஒட்டிப் பார்த்தால், வட்டத்தின் பெயரைத் தலைப்பின் முதற்பகுதியிலிருந்து எடுக்கும் வார்ப்புரு அங்கே என் பயனர் பெயரை எடுத்துக்கொண்டு, ‘மாவட்டம் அறியப்படவில்லை’ என்று சொல்கிறது.

சேமிக்கும் உரிமை இல்லாதவருக்கு, சேமித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் உரிமையும் ஏன் இல்லாமல் போக வேண்டும்? இதற்கு வழி உண்டா?

—

பர்கூர் வாசகர்:

ஐயா, சிறப்புப் பக்கங்களின் பட்டியலில் வார்ப்புருக்களை விரித்துக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. முன்பு தனி நீட்சியாக (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரலாக) இருந்தது, 1.23ஆம் பதிப்பிலிருந்து மென்பொருளின் உள்ளேயே வருகிறது. அதன் முதல் கட்டத்தில் ஒரு பக்கத் தலைப்பைக் கொடுக்கலாம். கீழே உள்ள பெரிய கட்டத்தில் விக்கிநிரலை ஒட்டலாம். அந்தத் தலைப்புள்ள பக்கத்திலேயே அந்த நிரல் இருப்பதாக எண்ணிக்கொண்டு மென்பொருள் அதை விரித்து, அடியில் முன்தோற்றத்தையும் காட்டும். உங்களுக்கு அந்தப் பக்கத்தைத் தொகுக்கும் உரிமை உண்டா என்று அது கேட்பதில்லை, ஏனென்றால் எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை பற்றிய பக்கம் ஒன்றைத் திருத்த நான் இப்படித்தான் செய்தேன். அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு, ஆளாளுக்கு ஆண்டை மாற்றியதால் அதைப் பூட்டிவிட்டார்கள். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த காலக்கணிப்பு பொ.ஆ.மு. 3345 வரை செல்வதாக அறிவிப்பு வந்தபின், ‘தமிழகத்தின் மிகப் பழைய இரும்பு’ என்ற அந்தப் பக்கத்தின் முதல் வரி காலாவதியாகிவிட்டது. மூலத்தைப் படியெடுத்து, வரியைத் திருத்தி, மேற்சொன்ன சிறப்புப் பக்கத்தில் சரிபார்த்து, பேச்சுப் பக்கத்தில் வேண்டுகோள் வைத்தேன். நிர்வாகி அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்.

—

தருமபுரி நிரலர்:

பர்கூர் நண்பர் சொல்வது கட்டுரைப் பக்கத்துக்குப் பொருந்தும், கேள்வி கேட்டவரின் நிலைக்குப் பொருந்தாது. அந்தச் சிறப்புப் பக்கம் விக்கியில் இப்போது உள்ள வார்ப்புருவைத்தான் எடுத்து விரிக்கும். அவர் கையில் வைத்திருக்கும் திருத்திய வார்ப்புருவை அதற்குத் தெரியாது. கல்லின் பக்கத்தை அப்படியே விட்டு, வார்ப்புருவை மட்டும் மாற்றியதாக வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே அவருடைய தேவை.

அதற்கென்றே வார்ப்புரு மணல்தொட்டி என்னும் நீட்சி ஒன்று உண்டு. விக்கிமீடியா தளங்களில் அது இயங்குகிறது. உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் ‘மணல்தொட்டி’ என்று ஒரு துணைப்பக்கத்தை முன்னொட்டாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே பெயர்வெளியோடு சேர்த்து வார்ப்புருவின் முழுப் பெயரையும் இட்டு, திருத்திய நிரலை அங்கே சேமியுங்கள். பிறகு அந்த நீட்சியின் சிறப்புப் பக்கத்துக்குச் சென்று முன்னொட்டையும், பார்க்க விரும்பும் கல்லின் பக்கத் தலைப்பையும் கொடுத்தால், அந்தப் பக்கம் வழக்கம்போல் விரியும். உங்கள் முன்னொட்டின் கீழ் அதே பெயரில் வார்ப்புரு இருந்தால் மட்டும் அசலுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் தலைப்பு மாறாததால் வட்டத்தின் பெயரும் சரியாகவே வரும். லுவா என்னும் நிரல்மொழியில் எழுதிய தொகுதிகளுக்கும் இது பொருந்தும்.

உங்கள் விக்கியில் இந்த நீட்சி இல்லையென்றால், வழங்கியை (தளம் இயங்கும் கணினியை) கவனிப்பவர் அதை நீட்சிகளின் கோப்புறையில் இட்டு, உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதுவரை, நிரல் தெரிந்தவர் ஒருவர், வேறு நிரல்கள் விக்கியோடு பேசும் வழியான ஏபிஐ-இன் பார்ஸ் (parse) அழைப்பில் தலைப்பையும் உரையையும் தனித்தனியாக அனுப்பிப் பக்க உரையின் மாற்றங்களைச் சரிபார்க்கலாம்.

—

அரூர் மட்டுறுத்துநர்:

நான் வேறொரு விக்கியில் பூட்டும் பொறுப்பில் இருப்பவள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய பக்கத்திலேயே வழக்கமான தொகுப்புக் கட்டத்தைத் திறந்துவிட்டு, சேமிக்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிடலாம் என்று சிலர் கேட்கிறார்கள். புதியவர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டு, இறுதியில் சேமிக்க முடியாது என்று அறிந்தால் அவர் திரும்பி வரவே மாட்டார். தொகுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் பூட்டப்பட்டுவிட்டால் இன்றும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது; சேமிக்க முயன்றதும் அவர் எழுதியதைப் படியெடுத்துக்கொள்ளுமாறு மென்பொருள் திருப்பிக் காட்டுகிறது. அந்த அளவுக்காவது இரக்கம் இருக்கிறது.

முன்தோற்றம் என்பது தீங்கற்றது என்று முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். ஒரு விக்கியில் கச்சா எச்டிஎம்எல் (உலாவி நேரடியாக ஏற்கும் நிரல்) அனுமதிக்கப்பட்டிருந்தால், வெளித்தளம் ஒன்று உங்கள் உலாவியின் வழியே தீய நிரலை முன்தோற்றத்துக்கு அனுப்பி, உங்கள் கணக்கின் உரிமையோடு அதை ஓடவைக்க முடியும். அதனால்தான் அத்தகைய விக்கிகளில், அமர்வுத் தரவு (கோரிக்கை உங்களிடமிருந்தே வந்தது என்பதற்கான அடையாளம்) பொருந்தாவிட்டால் முன்தோற்றத்தையே மென்பொருள் மறைத்துவிடுகிறது. தளம் முழுவதும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்களை 2018இல் நிர்வாகிகளிடமிருந்தே பிரித்து, இடைமுக நிர்வாகிகள் என்ற தனிக்குழுவிடம் ஒப்படைத்ததும் இதையொட்டிய அச்சத்தால்தான். ஆகவே எந்தப் பூட்டுக்கு இடம் தருகிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: கட்டுரைக்கும் வார்ப்புருவுக்கும் தரலாம், நிரற்பக்கத்துக்குத் தரக்கூடாது.

—

தருமபுரி நிரலர்:

அம்மா சொல்லும் இரண்டாவது எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். முதலாவதற்கு மட்டும் ஒரு மறுமொழி. கட்டத்தின் மேலேயே ‘இந்தப் பக்கம் பூட்டப்பட்டுள்ளது; நீங்கள் எழுதுவது சேமிக்கப்படாது’ என்று எழுதி, சேமிக்கும் பொத்தான் இருந்த இடத்தில் ‘இந்த மாற்றத்தை வேண்டுகோளாகப் பேச்சுப் பக்கத்துக்கு அனுப்பு’ என்று வைத்தால், அந்த ஒரு மணி நேர உழைப்பு வீணாகாது. இன்று வேண்டுகோள்கள் ‘மூன்றாவது பத்தியில் இரண்டாவது வரியை மாற்றவும்’ என்று வருகின்றன. அதைப் படித்து, தேடி, தானே நிரலாக மாற்றிப் பார்ப்பது நிர்வாகியின் தலையில் விழுகிறது. சோதித்த நிரல் கைக்கு வந்தால் அவருக்கும் வேலை பாதியாகும்.

பூட்டிய பக்கத்தில் பொய்யான முன்தோற்றத்தை உண்டாக்கி அதைப் படம் பிடித்துப் பரப்புவார்கள் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். உலாவியிலேயே எந்தத் தளத்தின் எழுத்தையும் மாற்றிப் படம் பிடிக்க முடியும் என்பதால் அதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை.

—

ஊத்தங்கரை பதிவர்:

அனைவருக்கும் நன்றி. எங்கள் வழங்கியைக் கவனிக்கும் தம்பியிடம் சொல்லி அந்த நீட்சியை நேற்று நிறுவினோம். முதலில் ‘ஊத்தங்கரை/நடுகல் 3’ பக்கத்தை வைத்துப் பார்த்தபோது, நூலில் சேலம், இன்று கிருஷ்ணகிரி என்று எதிர்பார்த்தபடியே வந்தது. உடனே வேண்டுகோளை அனுப்பிவிட இருந்தேன். இருந்தாலும் இன்னும் சில பக்கங்களைப் பார்ப்போம் என்று பென்னாகரத்துக் கல் ஒன்றைக் கொடுத்தேன். எந்த நூலிலும் இதுவரை பதிவாகாமல் நாங்களே களத்தில் கண்டெடுத்த கல் அது. அதற்கும் ‘நூலில் குறித்த மாவட்டம்: சேலம்’ என்று வந்தது.

பதிப்பாண்டு தரப்படாத இடத்தில் பூச்சியம் என்று கொள்ளுமாறு நான் எழுதியிருந்தேன்; பூச்சியம் 1965ஐ விடச் சிறியது அல்லவா! பூட்டு இல்லாமல் இருந்து நானே சேமித்திருந்தால், நாங்கள் கண்டெடுத்த கற்கள் அத்தனையும் ஒரே இரவில் சேலத்துக்குப் போயிருக்கும். ஆண்டு இல்லையென்றால் அந்த வரியே தோன்றாதபடி மாற்றி, ஆண்டு உள்ள பக்கம், இல்லாத பக்கம், 2004க்குப் பின் வந்த நூலைச் சுட்டும் பக்கம் என மூன்றையும் மறுபடி பார்த்துவிட்டு, நிரலைப் பேச்சுப் பக்கத்தில் இட்டிருக்கிறேன். 1965ஆம் ஆண்டிலேயே அச்சான நூல் அக்டோபருக்கு முந்தியதா பிந்தியதா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. அதை நிரலால் தீர்க்க முடியாது. நூலைத் திறந்து பார்த்து, கையால்தான் குறிக்க வேண்டும்.