தம்பி மீது அடிதடி வழக்கு: பிரிவுகளைப் புரிந்துகொள்ளவும் உள்ளூர் வழக்கறிஞரைத் தேடவும் வழி சொல்லுங்கள்

பொன்னி, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் சொந்த ஊரில் வரப்புத் தகராறு ஒன்று கைகலப்பில் முடிந்து, என் தம்பி மீது சென்ற வாரம் வழக்குப் பதிவாகியிருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிய பிரிவுகள் போடப்பட்டுள்ளதாக ஊரில் சொல்கிறார்கள். தம்பிக்கும் தோளில் அடி. ஆனால் அவன் கொடுத்த புகாருக்கு, புகார் பெறப்பட்டது என்று காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே கிடைத்தது; வழக்குப் பதிவாகவில்லை. அவன் இன்னும் கைதாகவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லி நேற்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரே வழக்கறிஞர் இங்கே சிவில் வழக்குகள் மட்டும் நடத்துபவர். ஊரில் நீதிமன்ற வாசலில் அறிமுகமான ஒருவரோ, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வழக்கே இல்லாமல் செய்துவிடலாம் என்கிறார். அம்மா பயந்துபோய் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். இந்தப் பிரிவுகள் எவ்வளவு கடுமையானவை? தம்பியைக் கைது செய்வார்களா? நம்பகமான வழக்கறிஞரை எப்படிக் கண்டறிவது?

வழக்கறிஞர், மதுரை

சகோதரி, அந்த நபரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பதிவான வழக்கை இல்லாமல் செய்ய இடைத்தரகர் எவராலும் முடியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளே தடை செய்கின்றன. வழக்கு கேட்டு ஆள் அனுப்புவதும் அப்படியே. நானும் உங்கள் வழக்கைக் கேட்டு இதை எழுதவில்லை.

ஊரார் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், முதலில் முதல் தகவல் அறிக்கையைக் கையில் வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றின் அறிக்கையைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், காவல் நிலையம், வழக்கு எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பிரிவுகளைப் பொறுத்தவரை, 296(பி) பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது; அதிகபட்சம் மூன்று மாதம். 115(2) சாதாரணக் காயம், ஓராண்டு வரை. 351(3) கொலை மிரட்டல், ஏழாண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2) என்று எல்லாரும் அறிந்திருந்தவைதாம் இவை. 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன. நீங்கள் கவனிக்க வேண்டியது 118(1), அதாவது பழைய 324. ஆயுதத்தால் காயம் விளைவித்ததற்கு மூன்றாண்டு வரை தண்டனை என்பதோடு, புதிய சட்டத்தின் அட்டவணைப்படி இது பிணையில் விட முடியாத குற்றம். காவல் நிலையத்திலேயே பிணையைக் கேட்டுப் பெறும் உரிமை இதில் இல்லை. நீதிமன்றம்தான் முடிவு செய்யும் என்பதே அதன் பொருள். பிணையே கிடைக்காது என்று அம்மா அஞ்ச வேண்டியதில்லை.

ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் உடனே கைது செய்யாமல், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு கொடுத்து அழைப்பதற்கு வழி இருக்கிறது. இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறிவிட்டது. அதற்காகத் தம்பி போகாமல் இருந்துவிட வேண்டாம். வழக்கறிஞர் மூலம் முறையான அறிவிப்பை எழுத்தில் கேட்டுப் பெற்று, அவருடன் ஆஜராகட்டும். அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு ஒத்துழைக்கும் வரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. காவல் துறை விசாரணையில் தம்பி சொல்வதை எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் சட்டம் அனுமதிக்கவில்லை. இதற்குப் பிறகும் கைது அச்சம் இருந்தால் முன்ஜாமீன் மனுவைத் திண்டுக்கல் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

ஓய்வுபெற்ற நீதிமன்றப் பணியாளர்

வழக்கறிஞரைத் தேடுவது குறித்து மட்டும் சொல்கிறேன் அம்மா. உங்கள் காவல் நிலையம் எந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த நீதிமன்றத்தில் தொடர்ந்து குற்ற வழக்கு நடத்துபவராகப் பாருங்கள். சென்னையிலிருந்து பெரிய பெயரை அழைத்து வருவதைவிட, வாய்தாதோறும் தாமே வந்து நிற்கக்கூடிய உள்ளூர்க்காரர் இப்படிப்பட்ட வழக்கில் மிகவும் பயன்படுவார் என்பது நான் பணிக்காலம் முழுவதும் கண்டது.

நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். தம்பி ஒரு நாள் காலையில் போய்ப் பின் பெஞ்சில் அமர்ந்து பார்க்கட்டும். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் இளையவரை அனுப்பி வாய்தா மட்டும் வாங்கிப் போகிறார் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொடுத்துத் தேடினால் அவர் அந்த நீதிமன்றத்தில் நடத்தும் வழக்குகளும் தெரியும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் பிணை மனு எவ்வளவு, விசாரணை முடியும் வரை எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசி, ரசீது கேளுங்கள். வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரமான வக்காலத்து எதுவும் எழுதாமல் வெற்றாக இருந்தால் அதிலோ, வெற்றுத் தாளிலோ தம்பி கையெழுத்திட வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக நகையை அடகு வைக்கும் முன், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்டுப் பாருங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

பொன்னி, திருப்பூர்

இருவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையை இணையத்தில் எடுத்துவிட்டேன். தம்பி உருட்டுக்கட்டையால் கையில் அடித்ததாக எழுதியிருக்கிறது. அடிபட்டவருக்கு எலும்பு முறிவு என்று இப்போது பேச்சு வருகிறது. அப்படியென்றால் பிரிவு மாறுமா?

வழக்கறிஞர், மதுரை

மாறலாம். அறிக்கையில் இருப்பது காவல் துறையின் தொடக்கக் கணிப்புதான். புலனாய்வில் பிரிவைக் கூட்டவும் குறைக்கவும் செய்வார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு நீதிமன்றம் வனைவதே இறுதிக் குற்றச்சாட்டு. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2). அதில் குறைந்தபட்சமே ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். ஏழாண்டு வரம்பையும் அது தாண்டிவிடும் என்பதால், முன்ஜாமீன் பற்றிய முடிவை வழக்கறிஞர் இந்த வாரமே எடுக்க வேண்டும்.

ஆனால் முறிவு என்பது ஊர்ப் பேச்சால் நிரூபணமாகாது. எக்ஸ்ரேவும் மருத்துவர் தரும் காயச் சான்றிதழும் வேண்டும். அதைவிட முக்கியமானது, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அடிபட்டவர் உள்ளே நுழைந்ததும் எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொன்னது அதில் பதிவாகியிருக்கும். அங்கே "கையால்" என்றும் பின்னர் எழுதிய புகாரில் "உருட்டுக்கட்டையால்" என்றும் இருந்தால், 118-ஆம் பிரிவே கேள்விக்குள்ளாகும். வழக்கறிஞர்களைச் சந்திக்கும்போது இந்தப் பதிவேட்டைப் பற்றி அவர்களாகவே கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்பவரிடம் வழக்கைக் கொடுங்கள்.

தம்பி சிகிச்சை பெற்றிருந்தால் அவருக்கும் ஒரு பதிவேடு இருக்கும். அவர் புகாரையும் எதிர்வழக்காகப் பதிந்து, இரண்டையும் ஒரே அதிகாரி புலனாய்வு செய்வதே முறை. நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்கீழ் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் நடுவரிடம் மனுச் செய்யலாம். சி.எஸ்.ஆர். ரசீதின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகலை மட்டும் கொடுங்கள். சம்பவ இடத்துக்கு அருகில் கடையிலோ வீட்டிலோ கேமரா இருந்தால், பழைய பதிவு அழிந்துபோவதற்குள் அதைப் பாதுகாக்கச் சொல்லி உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் இன்றே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.