விலை குறைந்த ஆயில் என்ஜினைத் தூய்மையாக வைக்குமா?

வளவன்:
விலை குறைந்த ஆயிலை ஊற்றினால் என்ஜினுக்குள் கசடு கட்டிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. என்ஜினைத் தூய்மையாக வைப்பவை ஆயிலில் கலந்துள்ள டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்னும் இருவகைச் சேர்மானங்களே. கால்சியம் அல்லது மக்னீசியம் சார்ந்த டிடர்ஜென்ட், எரிதலில் பிறக்கும் அமிலத்தை நடுநிலையாக்குவதோடு, பிஸ்டன் போன்ற சூடான பகுதிகளில் படிவு ஒட்டாமலும் தடுக்கிறது. டிஸ்பர்சன்ட், கரித்துகள்களைத் திரளவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைத்து, ஆயில் மாற்றும்போது வெளியேறச் செய்கிறது. ஆயில் விரைவில் கறுப்பதைப் பலர் குறையாகச் சொல்வது எனக்கு வியப்பளிக்கிறது. அது வேலை செய்வதற்கான அடையாளம். 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பெட்ரோலியத் துறை அமைப்பான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. என்னும் ஆயில் தரத்தைப் பெற, சீக்வென்ஸ் வி.எச். சோதனையின் வரம்பை எட்டியாக வேண்டும்: என்ஜினை 216 மணி நேரம் ஓட்டிப் பிரித்துப் பார்த்து, கசட்டுக்கும், வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படிவுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுகிறார்கள். விலைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

கார்முகில்:
அந்தச் சோதனையில் 10 மதிப்பெண் என்றால் முழுத் தூய்மை. தேர்ச்சி வரம்போ அதற்குக் கீழே இருக்கிறது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். வரம்பை ஒட்டித் தேறிய ஆயிலும், அதை வெகுவாகத் தாண்டிய ஆயிலும் ஒரே முத்திரையோடுதான் வருகின்றன. சாதாரண என்ஜினில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். டர்போ (புகைவாயுவின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) உள்ள என்ஜினில், சூடாக ஓட்டி உடனே அணைத்தால், டர்போவின் பேரிங்கில் தங்கிய ஆயில் ஓட்டமின்றி வெந்து கரியாகிறது. அதைத் தாங்குவது, சேர்மானங்களைக் கலப்பதற்கு முன்னுள்ள அடிப்படை எண்ணெயின் தரத்தைப் பொறுத்தது. ஆவியாதலையும் பாருங்கள். 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கும் நோவாக் சோதனையில், கார் தயாரிப்பாளர்கள் வகுத்த ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-6 தரம் 15 சதவீத இழப்பு வரை அனுமதிக்கிறது, ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்களின் ஏ.சி.இ.ஏ. சி3 தரமோ 13 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த ஆவியில் ஒரு பகுதி, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு வழியே, காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் போகிறது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் இன்டேக் வால்வைக் கழுவப் பெட்ரோல் அங்கே வருவதில்லை என்பதால், படிந்தது படிந்தபடியே கிடக்கிறது.

தணிகை:
இருவரும் ஆயிலையே பார்க்கிறீர்கள். நான் பிரித்துப் பார்த்த கசடு நிறைந்த என்ஜின்களில் பெரும்பாலானவை சில நிமிட ஓட்டத்துக்கே பயன்பட்டவை. என்ஜின் முழுச் சூட்டை எட்டாதபோது, உள்ளே குளிர்ந்து நீராகும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்துவிடுகின்றன. அதோடு பி.சி.வி. வால்வும் அடைத்திருந்தால், எந்த ஆயிலும் கூழாகத்தான் மாறும்.

வளவன்:
தணிகை சொல்வதே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அப்படிப்பட்ட ஓட்டத்தில், விலை உயர்ந்த ஆயிலை நெடுநாள் விட்டுவைப்பவரைவிட, மலிவான ஆயிலை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுபவரின் என்ஜின்தான் தூய்மையாக இருக்கும். அழுக்கைச் சுமக்கும் ஆயிலை வடித்தால்தானே அழுக்கும் போகும்? கார்முகில் சொல்லும் டர்போ என்ஜினுக்குத் தயாரிப்பாளரே தனி ஒப்புதல் பெற்ற ஆயிலைக் கையேட்டில் கேட்டிருந்தால், அதைத்தான் ஊற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கார்முகில்:
"மலிவானது" என்று பொதுவாகச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏ.பி.ஐ. எஸ்.ஏ. என்று அச்சிட்ட டப்பாவும் மலிவானதே. அதில் சேர்மானமே கிடையாது, 1930க்குப் பிந்தைய பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு அது ஏற்றதன்று என்று ஏ.பி.ஐ. அமைப்பே எச்சரிக்கிறது.

வளவன்:
அதை மலிவான ஆயில் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை, தவறான ஆயில் என்பேன்.

கார்முகில்:
சரி, அதை விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பளபளப்பாக இருக்கிறது என்று படம் போடுகிறார்களே, அதை மட்டும் சான்றாக ஏற்கமாட்டேன். சிலிண்டர் சுவரில் மிஞ்சும் ஆயிலை வழித்தெடுத்து அது எரிந்துபோகாமல் காக்கும் பிஸ்டனின் ஆயில் வளையத்துக்குப் பின்னுள்ள வடிதுளைகள் கரியால் அடைபட்டு வளையம் இறுகிப்போவது மேலே இருந்து தெரியாது.

தணிகை:
மேலே இருந்து தெரியாது, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் தெரியும். கசிவும் இல்லாமல், இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே அளவு முன்பைவிட வேகமாகக் குறையத் தொடங்கினால், முதலில் அந்த வளையத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மலிவான ஆயிலுக்கு மாறுபவர் மாறுவதற்கு முன்பே ஆயில் எவ்வளவு குறைகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.