டிராயிங் பீரியட்ல கணக்குப் பாடம், அப்புறம் எப்படி ஓவியர் ஆனீங்க?

சத்துவாச்சாரிக்காரன்:
எங்க பத்தாங்கிளாஸ் செட் 25 வருஷம் கழிச்சு ஒண்ணு கூடுறோம். சின்னதா ஒரு மலர். அதுல 'நம்ம ஸ்கூல் கலைஞர்கள்'னு நாலு பக்கம் என் தலையில கட்டிட்டாங்க. முன்ன பின்ன செட்டையும் சேர்த்து மூணு பேர் தேறுறாங்க. உங்களைக் கலைப் பக்கம் கிளப்பிவிட்டது எதுன்னு கேட்டா டிராயிங் மாஸ்டரைச் சொல்வாங்கன்னு நம்பித்தான் போன் போட்டேன். ஒருத்தர்கூட சொல்லலை. எப்படிச் சொல்வாங்க? வாரத்துக்கு ரெண்டு டிராயிங் பீரியட், ரெண்டையும் கணக்கு சார் வாங்கிப்பார்! துணி டிசைன் பண்றவ "குடியாத்தம் கைலிக் கட்டம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. இப்ப கேன்வாஸ்ல வரையிறவன் ஆரம்பிச்சது தேர்தல் சுவர்ல. சிற்பம் பண்றவன் யோசிச்சுச் சொல்றேன்னான், இன்னும் யோசிக்கிறான். இங்க நம்ம வேலூர்ப் பக்கத்து ஆளுங்க யாராவது இருக்கீங்களா? உங்களைக் கிளப்பிவிட்டது எது?

குடியாத்தம்மண்:
எனக்கு சிரசு. வைகாசி 1, கெங்கையம்மன் திருவிழா. ஆறு வயசுல அப்பா தோள்மேல உட்கார்ந்து பார்த்தேன். கூட்டத்துக்கு மேல அம்மன் தலை மட்டும் வருது, உடம்பு இல்ல. மாலை மேல மாலை, கண்ணு மட்டும்தான் தெரியுது. கோயிலுக்குப் போனதும் உடம்போட சேர்ப்பாங்க. தலை மாறிப்போன ரேணுகா கதையைப் பாட்டி சொல்லிச் சொல்லி, என் கண்ணு எப்பவும் கழுத்துலதான் போய் நிக்கும்.

இன்னிக்கும் களிமண்ல தலை தனியா, உடம்பு தனியாத்தான் செய்வேன். ரெண்டும் ஒரே ஈரத்துல இருக்கணும், இல்லன்னா காயும்போது கழுத்துதான் முதல்ல விடும். சேறு குழைச்சு ஒட்டினதும் மத்தவங்க தேய்ச்சு மறைச்சிடுவாங்க, நான் விட்டுடுவேன். விரல் பதிஞ்சது அப்படியே நிக்கும். ஒரு கேலரிக்காரர் விரிசல்னு நினைச்சு தள்ளுபடி கேட்டார்.

கோட்டைவாசல்:
எனக்கு வேலூர்க் கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள். 1981 வரைக்கும் உள்ள சாமி கிடையாது, உங்க சத்துவாச்சாரிலதானே இருந்தார்! அப்பவும் எங்க பெரியப்பா தூணைப் பார்க்கவே போவாராம். நான் போனது ஸ்கூலைக் கட் அடிச்சுட்டு, அதை மலர்ல போட்டுடாதீங்க. ஓவியர் சந்தானராஜையும் சேர்த்துக்குங்க. திருவண்ணாமலையில பிறந்து சென்னை ஓவியக் கல்லூரிக்கே முதல்வரா இருந்தவர். 1989-க்கு முன்னாடி அதுவும் நம்ம வடாற்காடு ஜில்லாதான்.

சத்துவாச்சாரிக்காரன்:
ஐயா, ஜில்லா சரி, அவர் எங்க ஸ்கூல் இல்லையே! குடியாத்தம், உங்க பதிலை அப்படியே எங்க சிற்பிக்கு அனுப்பிட்டேன். அந்தக் கழுத்தை மட்டும் கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, தள்ளுபடி கேட்க மாட்டேன். பீரியட் விஷயத்தைக் கமிட்டில பேசினேன். போடலாம், சார் பேர் மட்டும் வேண்டாம்னு முடிவு. அவரும் விழாவுக்கு வர்றார்.