பினாங்கு: காது கேளாதோர் பள்ளி விடுதிக்குப் போகும் 6 வயதுப் பையன், வீட்டில் என்ன தயார் செய்யணும்?

பட்டர்வொர்த் சித்தி:
அக்கா மகனுக்கு இரண்டு காதிலும் கருவி, காதுக்குப் பின்னால் மாட்டுற வகை. தஞ்சோங் பூங்கா பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்து விடுதியில் விடலாம்னு பேச்சு. வீட்டில் தமிழ் மட்டும்தான், அங்கே மலாயும் சைகையும். பையன் குழம்பிடுவானா? கருவியை யார் பார்ப்பா? என்னென்ன பத்திரம் வேணும்?

ஜெலுத்தோங் வாத்தியார்:
பத்திரம்: பிறப்புப் பத்திரம், ஆடியோகிராம் (எவ்வளவு கேட்குதுன்னு காட்டுற சோதனைப் படம்), மருத்துவர் அறிக்கை, சமூகநல இலாகாவின் ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. அட்டை இல்லன்னா முதலில் அதுக்கு அலையுங்க. 2013 சிறப்புக் கல்வி விதிமுறைப்படி 3 மாதத்துக்கு மேற்போகாத சோதனைக் காலம் உண்டு. முதல் வாரம் அழுகிறான்னு உடனே கூட்டிட்டு வந்துடாதீங்க. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையைப் பள்ளியில் கேளுங்க.

தமிழால குழப்பம் வராது. உதட்டை மட்டும் நம்பினாதான் வரும். கண்ணாடி முன்னால் சத்தமில்லாம ‘அப்பா’, ‘அம்மா’ன்னு சொல்லிப் பாருங்க, உதடு ஒரே மாதிரிதான் மூடும். ப, ம இரண்டுக்கும் வித்தியாசம் மூக்கில் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. க, ங வாயின் பின்பக்கத்திலேயே முடிஞ்சிடும். அதனால தமிழில் பேசிக்கிட்டே கையும் காட்டுங்க.

எந்தச் சைகை? இங்கேதான் பலர் தடுமாறுறாங்க. பாடத்துக்குப் பயன்படுற கேடிபிஎம், மலாய் வாக்கியத்தை அப்படியே கையில் காட்டுறது: ‘மாக்கான்’ (சாப்பிடு) சைகை, பிறகு ‘ஆன்’ விகுதிக்குத் தனிச் சைகை, அப்பதான் ‘மாக்கானான்’ (சாப்பாடு). பிள்ளைங்க தங்களுக்குள்ள பேசுறது பிஐஎம், மலேசிய சைகை மொழி. அதுக்குத் தனி இலக்கணம், முகபாவத்துக்கும் அதில் வேலை உண்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றதும் இதைத்தான். வீட்டுக்கு பிஐஎம் போதும். தண்ணி, கழிப்பறை, வலி, போதும், யார், எங்கே, கோபம்னு ஒரு முப்பது சொல்லில் ஆரம்பிங்க. வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகைப் பெயர் வைங்க. அவன் பார்த்த பிறகே பேசுங்க. ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னால் இருந்தா முகம் இருட்டாத் தெரியும்.

பினாங்கில் காது கேளாத வயசானவங்க சைகை வேற மாதிரி இருக்கும், பதறாதீங்க. 1954ல் இந்தப் பள்ளி தொடங்கின காலத்தில் வகுப்பில் வாய்ப்பேச்சுப் பயிற்சிதான். வகுப்புக்கு வெளியே பிள்ளைங்களே உண்டாக்கினது பினாங்கு சைகை மொழி.

காதுக்கருவி கடைக்காரர்:
நம்ம ஊர் ஈரத்தில் கருவியைக் கெடுக்கிறது வேர்வைதான். தினமும் காலையில் இதைச் செய்ய யாராவது ஒருத்தர் பொறுப்பில் இருக்கணும்: குழாயில் நீர்த்துளி நிக்குதான்னு பார்க்கணும். நின்னா, காதுக்குள் பொருந்துற அச்சைக் கருவியிலிருந்து கழற்றி ரப்பர் பந்தால் ஊதணும், வாயால் ஊதினா இன்னும் ஈரம்தான் சேரும். பிறகு உங்க வாயைத் தாளால் மறைச்சு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் ஆறும் சொல்லணும், வரிசை மாத்தி, இடைவெளியும் மாத்தி. ஒவ்வொண்ணும் கேட்டதும் பையன் கை தூக்கணும். நேத்து கேட்ட ‘ஸ்’ இன்னைக்குக் கேட்கலன்னா பேட்டரி, குழாய், காதழுக்கு, இந்த வரிசையில் பாருங்க.

பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்தாட விட்டுப் போடுங்க. துத்தநாகம் காத்தை இழுத்தாதான் மின்சாரம். திரும்ப ஸ்டிக்கர் ஒட்டினாலும் சேமிக்க முடியாது. ஆரஞ்சு ஸ்டிக்கர்னா 13ஆம் அளவு பேட்டரி, நீலம்னா 675, மாத்தி வாங்கினா உட்காராது.

‘கீ’ன்னு விசில் அடிச்சா சத்தத்தைக் குறைக்கிறாங்க. அது தப்பு, பையனுக்குத்தான் கேட்காம போகுது. காது வளர்ந்து அச்சு தளர்ந்திருக்கும், சத்தம் ஓரத்தால கசிஞ்சு மைக்குக்கே திரும்பும். இந்த வயசில் சில மாசத்துக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டி வரும்.

பட்டர்வொர்த் சித்தி:
கருவியை உலர்த்தும் டப்பாவை விடுதி வார்டனிடம் கொடுத்துட்டா போதுமா?

காதுக்கருவி கடைக்காரர்:
கொடுங்க, ஆனா மூடி மேல் படம் வரைஞ்சு ஒட்டுங்க: பேட்டரியை வெளியே எடு, பேட்டரிக் கதவைத் திறந்தே வை, கருவியை உள்ளே போடு. பேட்டரியோட போட்டா பேட்டரியும் காய்ஞ்சு சீக்கிரம் தீரும். டப்பாவுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற ஆரஞ்சு சிலிக்கா மணிகள் பச்சையா மாறினா, ஈரம் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கு வரும்போது டப்பாவும் கூடவே வரட்டும், இல்லன்னா சிலிக்கா மாத்தாமலே கிடக்கும்.