தாம்வே (யாங்கோன்) மகளிர் குழு: கர்ப்பப்பை வாய்க்குச் சூடு வைக்கிறது

சாந்தி, 9:12
வணக்கம். நம்ம தெரு அக்கா ஒருத்தங்களுக்கு எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டு வரக்கூடிய வைரஸ்) பரிசோதனையில பாசிட்டிவ். கர்ப்பப்பை வாயில "சூடு வெச்சு" சரி பண்ணிடுவாங்கன்னு கிளினிக்ல சொன்னாங்களாம். காமாலைக்குக் கையில சூடு போடுவாங்களே, அந்த மாதிரியான்னு கேட்டு நடுங்குறாங்க.

டாக்டர் வனஜா, 9:20
அய்யோ, கம்பி காய்ச்சி வைக்கிற கதையெல்லாம் இல்லம்மா. கையடக்கமான ஒரு கருவி, அதோட நுனியில ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டு. 100 டிகிரி, தண்ணி கொதிக்கிற சூடு. கர்ப்பப்பை வாயில ஒட்ட வெச்சு 20லருந்து 30 நொடி. சில மெஷின்ல 45 வரைக்கும் போகும். 1966ல ஜெர்மனிக்காரர் குர்ட் செம் இதைக் கொண்டாந்தப்ப "கோல்ட் கோயாகுலேஷன்"னு பேரு வெச்சாரு. மின்சாரத்துல பொசுக்குறதுக்கு இது எவ்வளவோ குளிர்ச்சியாம்!

சாந்தி, 9:22
மரத்துப்போக ஊசி?

சயாமா (நர்சம்மா) மல்லிகா, 9:24
பெரும்பாலும் தேவைப்படாது. மாதவிலக்கு வயித்துவலி மாதிரி இழுக்கும், எடுத்ததும் அடங்கிடும். பக்கத்துச் சதையில வட்டு பட்டாத்தான் சுரீர்னு இருக்கும். அதுக்குத்தான் ஸ்பெகுலம், அதாவது உள்ளே விரிச்சுப் பாக்குற கருவி, சரியான அளவுல போடணும். நாலஞ்சு பெத்தவங்களுக்குப் பக்கச் சுவர் தொங்கி உள்ளே சரியும். ஆணுறையோட நுனியை வெட்டிட்டு ஸ்பெகுலம் மேல மாட்டினா சுவரைத் தள்ளிப் பிடிச்சுக்கும். ரப்பர்ல வட்டு படாம பார்த்துக்கணும்.

டாக்டர் வனஜா, 9:31
சூடு வைக்கிறது சின்ன வேலை. யாருக்கு வைக்கலாம்னு பாக்குறதுதான் பெரிய வேலை. முதல்ல சளியை உப்புத்தண்ணிப் பஞ்சால துடைக்கணும். அப்புறம் 3லருந்து 5 சதவீத அசிட்டிக் ஆசிட், அதாவது வினிகர்ல உள்ள அதே அமிலம், தடவி முழுசா ஒரு நிமிஷம் காத்திருக்கணும். அவசரப்பட்டா வெள்ளை சரியா எழும்பாது. கெட்டுப்போக ஆரம்பிச்ச இடம் கெட்டியா, ஓரம் தெளிவா, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளையோட நாலு பக்க எல்லையும் கண்ணுக்குத் தெரியணும், வாயோட முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு ஓரம் உள் துவாரத்துக்குள்ள ஓடி மறைஞ்சா சூடு வைக்கவே கூடாது, ஏன்னா வட்டு அங்க எட்டாது. வெளியே ஆறிடும், உள்ளே வளர்ந்துட்டு இருக்கும்.

சாந்தி, 9:33
அந்த அக்காவுக்கு 58 வயசு டாக்டரம்மா. மாதவிலக்கு நின்னு எட்டு வருஷமாச்சு.

டாக்டர் வனஜா, 9:36
அப்படின்னா நல்லாப் பாக்கச் சொல்லுங்க. கர்ப்பப்பை வாயோட வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கிற இடத்தைத்தான் எல்லைக்கோடுன்னு சொல்றோம், மாதவிலக்கு நின்னவங்களுக்கு அது பெரும்பாலும் உள்ளே ஏறிடும். கோடு தெரியலன்னா லெட்ஸ் (LLETZ) தான், மின்கம்பி வளையத்தால சதையைச் சீவி எடுக்கிறது. சீவின துண்டு லேபுக்குப் போகும். சூட்டுல துண்டே கிடைக்காது, சோதிச்சுப் பாக்க எதுவும் மிஞ்சாது. அதனால தொட்டா ரத்தம் வர்றது, புண்ணு, கட்டி, கோணல்மாணலான ரத்தக் குழாய் எது இருந்தாலும் சூடு வைக்காம பயாப்ஸிக்கு, அதாவது சதைத் துண்டெடுத்துச் சோதிக்க, அனுப்பணும். கர்ப்பமா இருந்தாலும் வைக்கிறதில்ல.

ரவி (மெஷின் ரிப்பேர்), 9:48
முன்னாடி உறைய வைக்கிற முறைதான. கேஸ் சிலிண்டர், 3 நிமிஷம் உறைய, 5 நிமிஷம் உருக, மறுபடி 3 நிமிஷம். தலா ஊருக்குப் போற படகுல சிலிண்டரைத் தூக்கி ஏத்தினவங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இது பேட்டரி, மின்வெட்டு நேரத்துலயும் ஓடும். ஆனா முகாமுக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில சார்ஜர்ல போட்டா போதாது, முந்தின ராத்திரியே முழுசா ஏத்திடுங்க. பாதி சார்ஜ்ல சில மெஷின் நடுவுல நின்னுடும். அப்புறம், வட்டுல ஒட்டாத பூச்சு இருக்கும், தோசைக்கல்லுக்குப் பூசுவாங்களே அது மாதிரி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா பூச்சு போயிடும், அடுத்த தடவை சதை ஒட்டிக்கும். இழுத்தா ரத்தம்.  கைப்பிடியைத் தண்ணியில முக்காதீங்க, மருந்து ஊறல் நுனிக்கு மட்டும், அதுவும் கம்பெனி புத்தகத்துல இருக்கிற நேரப்படி.

சயாமா மல்லிகா, 9:55
இன்னொண்ணு. ஒரே தடவை வெச்சு முடிஞ்சிடுச்சுன்னு எழுந்திருக்கக் கூடாது. எல்லைக்கோட்டை ஒட்டின வட்டாரம் முழுக்க மூடணும். வட்டு சின்னது, வாய் பெருசுன்னா ஒண்ணோட ஒண்ணு விளிம்பு ஏறி நிக்கிற மாதிரி ரெண்டு மூணு தடவை வைக்கணும், ஓட்டுக்கூரையில ஓடு அடுக்குற மாதிரி. நடுவுல விட்டுப்போன இடம்தான் அடுத்த வருஷம் திரும்பி வர்றது.

சாந்தி, 10:02
வீட்டுக்கு வந்தப்புறம்?

சயாமா மல்லிகா, 10:06
சில வாரம் தண்ணியா வெளியேறும், நடுநடுவுல இளஞ்சிவப்பா. பயப்பட வேண்டாம், துணி வெச்சுக்கலாம், உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. நாலு வாரம் தாம்பத்தியம் வேண்டாம், முடியலன்னா ஆணுறை. புண்ணு ஆறாம இருக்கும்போது எச்ஐவி தொத்துறதும் தொத்த வைக்கிறதும் சுலபம். இதைப் புருஷன்கிட்ட அன்னிக்கே சொல்லிடணும், பொண்ணு தலையில மட்டும் கட்டிட்டா நடக்காது. காய்ச்சல், நாத்தம், மாதவிலக்கை மிஞ்சின ரத்தம், தாங்க முடியாத வலி வந்தா அன்னிக்கே வந்துடணும்.

டாக்டர் வனஜா, 10:11
சூடு சதையைத்தான் கொல்லும், உடம்புல உள்ள வைரஸை மொத்தமா இல்ல. அதனால 12 மாசம் கழிச்சு மறுபடி எச்பிவி பரிசோதனை. எச்ஐவி உள்ளவங்களுக்கு அதுக்கு அடுத்த 12 மாசத்துலயும் இன்னொண்ணு.

சாந்தி, 10:13
தேதி சொன்னா மறந்துடுவாங்க. அடுத்த தைப்பூசம் கழிஞ்ச வாரம்னு கார்டுல எழுதிடுறேன். முதல்ல எல்லைக்கோடு தெரியுதான்னு கேட்டுட்டு வர்றேன்.