கஞ்சாவைக் குறைக்கலாமா வேணாமான்னு குழப்பத்துல கவுன்சிலிங் போனவங்க, அனுபவத்தை எழுதுங்க

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நைட் முடிஞ்சு வந்து ஒரு தம் இழுக்காம தூக்கம் வராதுன்னு ஆயிடுச்சு. விடணும்னும் இல்லை, விடவே மாட்டேன்னும் இல்லை. வீட்டம்மா நச்சரிப்புலதான் போனேன். நுரையீரல் படத்தைக் காட்டி மிரட்டுவாங்கன்னு பார்த்தா, கவுன்சிலரம்மா முதல்ல கேட்டதே "இதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?"ன்னுதான். சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. அப்புறம், "குறைக்கிறது உங்களுக்கு எவ்ளோ முக்கியம், 0-லேர்ந்து 10-க்குள்ள சொல்லுங்க." 4-ன்னேன். "ஏன் 10 இல்லை"ன்னு வருவாங்க, பதில் ரெடி. ஆனா கேட்டது "ஏன் 1 இல்லை, 4?" பாப்பாவை ஸ்கூல்ல விடுறப்போ கண்ணு செவந்திருக்கு, அவ டீச்சர் ஒரு மாதிரி பார்க்கறாங்க, மெஷின்கிட்ட நிக்கவே பயமா இருக்கு, மாசக் கடைசில கடன்... நானே அடுக்கிட்டிருந்தேன். அந்தம்மா ஒரு காரணமும் எடுத்துக் கொடுக்கலை.

கோரிமேடு நர்ஸ்:
தெரிஞ்சேதான் அப்படிக் கேக்கறது. "ஏன் 10 இல்லை"ன்னா ஆள் சாக்கு தேடுவார். வில்லியம் மில்லர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1983-ல குடிநோயாளிகளுக்காக எழுதின முறை இது, பின்னாடி மத்த போதைக்கும் வந்துச்சு. போதைப் பழக்கம் எவ்ளோ ஆபத்தா இருக்குன்னு பார்க்கிற உலக சுகாதார நிறுவனத்தோட அசிஸ்ட் கேள்வித்தாள்ல கஞ்சாவுக்கு மார்க் 4-லேர்ந்து 26 வரை வந்தா இந்தக் குறுகிய பேச்சு. 27-ம் அதுக்கு மேலயும்னா சிறப்பு சிகிச்சைக்கு அனுப்பணும்.
ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுவோம்: தினம் இழுக்கிறவர் நிறுத்தினா முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கண்டபடி கனவு. பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தணியும். தெரியாதவங்க "கஞ்சா இல்லாம நமக்கு ஆகாது"ன்னு அதுக்குள்ள திரும்பிடறாங்க.

அரியாங்குப்பம் அக்கா:
என் தம்பி விஷயத்துல இந்தப் பேச்சு எடுபடலை. யாரோ காதுல திட்டறாங்கன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பான். அப்ப போயி 4-ஆ 5-ஆன்னு கேட்டுட்டிருந்தா எப்படி? நேரா ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். மாத்திரையில கொஞ்சம் தெளிஞ்ச பிறகுதான் கவுன்சிலர்கிட்ட வாயே திறந்தான்.

கோரிமேடு நர்ஸ்:
நீங்க பண்ணதுதான் சரி அக்கா. குரல் கேக்குது, சந்தேகம்னா முதல்ல டாக்டர்தான்.

முதுநகர் வாசி:
போலீஸ் பயத்துலயே என் மச்சான் ஆஸ்பத்திரி பக்கம் போகலை. 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. உபயோகிச்சதுக்காகவோ சிறு அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்குல மாட்டின அடிமை, தானா முன்வந்து அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா விலக்கு உண்டு, பாதியில விட்டா ரத்தும் ஆகலாம். வக்கீல் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. முதல்ல போன்ல பேசிப் பார்க்கணும்னா போதை மீட்பு உதவி எண் 14446, காசு கிடையாது.

மஞ்சக்குப்பத்தான்:
முழுசா விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன். பகல் ஷிஃப்ட் வாரத்துல தொடறதில்லை, அதுவும் நான் சொன்ன கணக்குதான், அந்தம்மா சொன்னது இல்லை. நைட் வாரம்தான் இழுபறி. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க பகல்ல தூங்க என்ன பண்றீங்க?