வால்வ் ப்ரீஆம்ப் + குவாட் 405: பேஸ் மெலிகிறதே, ஜோடி தப்பா?

இசைத்தட்டுப் பிரியன்
1975-ல் வந்த குவாட் 405 பவர் ஆம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர் பெருக்கி) முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வ் ப்ரீஆம்பை (கண்ணாடிக் குழாயில் ஓடும் முன்பெருக்கி) மாட்டியிருக்கிறேன். அவுட்புட், வால்வின் கேதோடு முனையிலிருந்து எடுக்கும் கேதோடு ஃபாலோயர். குரல் அழகாக வருகிறது. ஆனால் டபுள் பேஸின் அடித்தந்தி மெலிந்துவிட்டது. வால்யூமையும் கால்வாசிக்கு மேல் திருப்ப முடியவில்லை, சத்தம் தாங்கவில்லை. இந்த ஜோடியே தப்பா?

டிரான்சிஸ்டர் தாசன்
தப்புதான். 405-க்கு 0.5 வோல்ட் போதும், 100 வாட் கொட்டிவிடும். அதற்கு முன்னால் இன்னொரு பெருக்கி எதற்கு? வால்வின் இனிமை என்று நீங்கள் கேட்பது பேஸ் குறைந்ததால் குரல் தூக்கலாகத் தெரிவதுதான். ப்ரீஆம்பை எடுத்துவிட்டு வெறும் வால்யூம் கண்ட்ரோல் வையுங்கள்.

ஓம் கணக்கன்
தாசன் சார், பேஸ் குறைந்ததால் குரல் தூக்கலாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் வால்வின் மேல் இல்லை. பிரியன், நேர்மின்னோட்டத்தை (டிசி) தடுத்து இசையை மட்டும் விட அவுட்புட்டில் இருக்கும் கெப்பாசிட்டரின் மதிப்பு என்ன?

இசைத்தட்டுப் பிரியன்
திறந்து பார்த்தேன். 0.22 மைக்ரோஃபாரட்.

ஓம் கணக்கன்
அதுதான். 405-இன் உள்ளீட்டு மின்தடை 20 கிலோஓம். இந்த இரண்டும் சேர்ந்தால் பேஸை வெட்டும் வடிகட்டி ஆகிவிடும்; அதன் எல்லை 36 ஹெர்ட்ஸ், அங்கேயே 3 டெசிபல் (பாதிச் சக்தி) போய்விடும். டபுள் பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்; அங்கே ஏறக்குறைய 2.5 டெசிபல் இழப்பு. இதே ப்ரீஆம்பை 100 கிலோஓம் உள்ள வால்வ் பவர் ஆம்பில் மாட்டினால் அந்த எல்லை 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

வால்வ் நேசன்
அப்படியானால் 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் முடிந்தது. எல்லை 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஓம் கணக்கன்
நேசன் அண்ணா, ஆன் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வால்வ் சூடாகும்போது கேதோடு வோல்டேஜ், உதாரணத்துக்கு, 5 நொடியில் 150 வோல்ட் ஏறுகிறது என்று வைப்போம். 2.2 மைக்ரோஃபாரட் வழியாக அந்த ஏற்றம் ஆம்பின் வாசலில் 1.3 வோல்டாக வந்து நிற்கும். முழுச் சக்திக்கே 0.5 வோல்ட்தான்! ஸ்பீக்கரைத் துண்டித்துக் காக்கும் பாதுகாப்பு ரிலே இல்லாத ஒரு பழைய ஆம்பில் நானே இந்தத் தவறைச் செய்தேன். ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) கூம்பு முன்னால் தள்ளிக்கொண்டு சில நொடி அப்படியே நின்றது. அன்றோடு அந்த யோசனையை விட்டேன்.

கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள். ஆம்ப் பக்கத்துப் பிளக்குக்குள் சேனலுக்கு ஒரு 47 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். ப்ரீஆம்புக்கு இப்போது சுமை 67 கிலோஓம். எல்லை 11 ஹெர்ட்ஸ். சத்தம் 10 டெசிபல் இறங்கும், வால்யூமும் கையில் நிற்கும். ப்ரீஆம்ப் பக்கம் போட்டால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஸ்வரங்களைத் தின்னும், அதனால் ஆம்ப் பக்கம்தான்.

வால்வ் நேசன்
முதலில் ப்ரீஆம்பைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து பவர் ஆம்பைப் போட்டால் இந்தப் பயமே இல்லையே. அணைக்கும்போது தலைகீழ் வரிசை. இசை போகும் வழியில் ரெசிஸ்டரைக் குறுக்கே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஓம் கணக்கன்
அந்த வரிசை எப்படியும் வேண்டும், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒருநாள் கரண்ட் போய் வந்தால் இரண்டும் ஒன்றாக எழும்பும். அப்புறம், வால்யூம் கண்ட்ரோலும் ரெசிஸ்டர்தானே? அதன் வழியாகத்தானே இசை வருகிறது?

டிரான்சிஸ்டர் தாசன்
ரெசிஸ்டருக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் பத்து டெசிபலைப் பெருக்கி, அதே பத்தை வாசலில் எரிப்பது எனக்கு இன்னும் வீண் வேலைதான். பிரியன், ஒன்று செய்யுங்கள்: ப்ரீஆம்ப் சூடான பிறகு அவுட்புட்டில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பழைய கெப்பாசிட்டர் கசிந்தால் வால்வின் உயர் வோல்டேஜ் நேராக 405-க்குள் இறங்கும்.

இசைத்தட்டுப் பிரியன்
அளந்தேன், டிசி இல்லை. நேற்று இரவு 47 கிலோஓம் பற்றவைத்தேன். வால்யூம் இப்போது பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அடித்தந்தியை மீட்டும்போது மரப்பெட்டி அதிர்வதும் தெரிகிறது, குரலும் கெடவில்லை. ப்ரீஆம்பை எடுப்பதாக இல்லை, தாசன் சார்.